இறகு உதிர்வதெல்லாம் நோயல்ல



என் வளவில் இன்று 19 கோழிகள் நிற்கின்றன. காலையில் கூட்டைத் திறந்தால் காலுக்குள்ளே ஓடி வரும். பார்க்கிறவர்கள் “உங்களுக்குக் கோழி நல்ல கைராசி” என்பார்கள். கைராசி என்று ஒன்றும் இல்லை. 2013 ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரே பின்னேரத்தில் மூன்று கோழிகளை என் கையாலேயே சாகடித்தேன். அதன் பிறகுதான் கோழி வளர்க்கப் பழகினேன். என்னைப்போல இன்னொருத்தி அந்தப் பிழையைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் 2010 இல் மீள்குடியேறி வந்தோம். இரணைமடுத் தண்ணீர் பாயும் பக்கத்தில் எங்கள் காணி. வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, அவரும் இல்லை. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று வயது. 2012 தொடக்கத்தில் வாழ்வாதார உதவியாகப் பத்து ஊர்க்கோழிக் குஞ்சுகள் கிடைத்தன. ஒன்பது பேடு, ஒரு சேவல். கிடைத்த பலகையையும் தடியையும் கொண்டு கூடு அடித்து, கிடுகால் வேய்ந்தேன். அந்த வருடக் கடைசியில் முட்டை வரத் தொடங்கியது. நாளுக்கு நாலு, ஐந்து முட்டை. ஒன்று பிள்ளைகளுக்கு. மிச்சத்தைச் சந்திக் கடைக்குக் கொடுப்பேன். மகள் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருந்தாள். அவளுடைய ரியூசன் காசு முழுவதும் அந்த முட்டைக் காசுதான்.

அடுத்த ஆடி மாதம் கோழிகள் இறகு கொட்டத் தொடங்கின. முதலில் கழுத்து, பிறகு முதுகு. கூட்டுக்குள் கூட்டி அள்ளும் அளவுக்கு இறகு. சில கோழிகள் ஓயாமல் சொறிந்தன, சொண்டால் கோதின. முட்டை நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது. மகனுடைய கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். ஏதோ தொற்று நோய் வந்துவிட்டது, எல்லாம் சாகப்போகிறது என்று நினைத்தேன். இழந்து பழகிய மனம் அல்லவா? முதலில் அங்கேதான் போகும்.

பக்கத்துக் காணிக்காரர் நல்ல மனிதர். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்: “வயலுக்கு அடிச்ச மருந்து மிச்சம் கிடக்கு தங்கச்சி. ஒரு மூடி விட்டுக் கலக்கி, கோழியை முக்கி எடுங்கோ. பூச்சி எல்லாம் செத்துப்போகும்.” சிறுபோகத்துக்கு வாங்கிய போத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் போத்தலில் ஒட்டியிருந்ததை வாசிக்கவில்லை. கையுறையும் போடவில்லை. அதிகமாக இறகு உதிர்ந்த மூன்று கோழிகளைப் பிடித்துக் கழுத்துவரை முக்கி எடுத்தேன். வாளித் தண்ணீர் அழுக்காகிவிட்டது. புதுத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனேன். அந்த இடைவெளிதான் மற்ற ஏழையும் காப்பாற்றியது. நான் திரும்பி வந்தபோது மூன்றும் கால் மடங்கி, வாயால் நீர் வடிய, நடுங்கிக்கொண்டு கிடந்தன. இருட்டுமுன் மூன்றும் முடிந்துவிட்டன. அன்றிரவு எனக்கும் தலையிடி, ஓங்காளம்.

பள்ளம் வெட்டிப் புதைக்கும்போது பின் காணி ஆச்சி வேலியைத் தாண்டி வந்தா. எண்பது வயது. ஒன்றும் பேசாமல் செத்த கோழி ஒன்றைத் தடியால் புரட்டி, கழுத்து இறகை விலக்கிப் பார்த்தா.

“பிள்ளை, நீ என்னத்தைப் பார்த்தனி?”

“இறகு கொட்டுது ஆச்சி. சொறியுது.”

“கொட்டுறதைப் பார்த்தாய். முளைக்கிறதைப் பார்த்தியோ?”

குனிந்து பார்த்தேன். கழுத்து முழுவதும் சின்னச் சின்ன முள்ளுப்போலப் புது இறகு முளைத்துக்கொண்டிருந்தது. அந்த மூன்றில் இரண்டு கோழிக்கு அப்படித்தான். அவற்றுக்கு நோயே இல்லை. பழைய சட்டையைக் கழற்றிப் புதுச்சட்டை போடுகிற நேரத்தில் நான் நஞ்சில் முக்கிவிட்டேன்.

“மிச்சத்தை இண்டைக்குத் தொடாதை. நாளைக்கு இருட்டின பிறகு ரோர்ச்சோட வாறன்” என்று ஆச்சி சொன்னா.

மறுநாள் இரவு ஆச்சியோடு இருந்து நான் பார்த்தவையும், பிறகு கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு அறிந்தவையும், இத்தனை வருடத்தில் பழகியவையுமே கீழே வருகின்றன.

முதலில் பார்க்க வேண்டும்

இறகு உதிர்வது ஒரு அடையாளம் மட்டும்தான். எங்களுக்குத் தலைமயிர் கொட்டினால் அதற்குப் பல காரணம் இருப்பதுபோலக் கோழிக்கும் பல காரணம் உண்டு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்து போடக்கூடாது.

பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. ஒரு ரோர்ச் லைற், ஒரு வெள்ளைச் சீலைத்துண்டு போதும். இருட்டின பிறகு கோழி சாதுவாக இருக்கும். மடியில் வைத்து நாலு இடத்தைப் பாருங்கள். கழுத்து, செட்டையின் உட்பக்கம், எச்சம் போகும் துவாரத்தைச் சுற்றிய இடம், கால். இறகை எதிர்ப்பக்கமாக விலக்கி, தோலைப் பாருங்கள். பிறகு கோழி ஏறி நிற்கும் தடியின் அடிப்பக்கத்தை வெள்ளைச் சீலையால் துடைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் என்ன சொல்லும் என்று இனிப் பார்ப்போம்.

இறகு கழற்றும் காலம்

கோழி ஏறத்தாழ ஒன்றரை வயதில் முதற்தடவை முழுதாக இறகு கழற்றும். அதன்பிறகு பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை. தலையிலும் கழுத்திலும் தொடங்கி, முதுகு, நெஞ்சு, செட்டை, வால் என்று ஒழுங்காகப் போகும். தோல் சுத்தமாக இருக்கும். புண், பொருக்கு, பூச்சி இருக்காது. விலக்கிப் பார்த்தால் முள்ளிறகு தெரியும். இரண்டு மூன்று மாதம் செல்லும். அந்த நாட்களில் முட்டை குறையும் அல்லது நின்றுவிடும். என் கோழிகள் 2012 தொடக்கத்தில் வந்த குஞ்சுகள். 2013 ஆடியில் அவற்றுக்குச் சரியாக ஒன்றரை வயது. கணக்குப் பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும்.

இதற்கு மருந்து இல்லை, சாப்பாடுதான் மருந்து. இறகில் பெரும்பகுதி புரதம். புது இறகு முளைக்கப் புரதம் வேண்டும். வெறும் நெல்லும் குறுணலும் போட்டால் போதாது. நான் செய்வது இதுதான். மீன் கழிவை அவித்து, முள் நீக்கித் தவிட்டோடு பிசைந்து கொடுப்பேன். புற்று வெட்டிக் கறையான் போடுவேன். முருங்கையிலை கட்டித் தொங்கவிடுவேன். தேங்காய்ப் புண்ணாக்கோடு கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கும் சேர்ப்பேன். இறகு முளைக்கத் தேவையான சத்து எள்ளில் கூட உண்டு. கருவாட்டுத் தலை போடுவதானால் நன்றாக ஊறவைத்து உப்பை எடுத்த பிறகே போடுங்கள். உப்புக் கூடினால் கோழி செத்துப்போகும்.

முள்ளிறகுக்குள் இரத்தம் ஓடும். பிடித்து அமத்தினால் கோழிக்கு நோகும். ஆகவே அந்த நாட்களில் தேவையில்லாமல் கையில் எடுக்காதீர்கள். முட்டை நின்றதே என்று கறிக்கு விற்றுவிடவும் வேண்டாம். 2022 இல் தீவன விலை தாங்காமல் பலர் கோழிகளை வந்த விலைக்கு விற்றதைக் கண்டேன். இறகு மாறின கோழி திரும்பவும் முட்டையிடும். பொறுத்திருங்கள்.

மேலிலேயே குடியிருக்கும் பேன்

அன்றிரவு அடைக்கோழியைத் தூக்கிப் பார்த்தபோது, எச்சத் துவாரத்தைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் சின்னப் பூச்சிகள் ஓடி ஒளித்தன. இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாக ஈர் ஒட்டியிருந்தது. அது கோழிப்பேன். தோலின் செதிலையும் இறகையும் தின்னும், கடிக்கும். கோழிக்கு நித்திரை இல்லை, சொறிந்து சொறிந்து மெலியும், முட்டை குறையும்.

எனக்கு உடனே 2009 இல் முகாமில் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. மகளுக்குத் தலை நிறையப் பேன். தண்ணீருக்கு வரிசை, குளிக்க வழியில்லை. மருந்து ஒன்று போட்டோம், போய்விட்டது என்று சந்தோசப்பட்டோம். பத்தாம் நாள் திரும்பவும் வந்துவிட்டது. கடைசியில் அவளுடைய நீளத் தலைமயிரை வெட்டினேன். திரும்ப வந்ததற்குக் காரணம் ஈர். மருந்து பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. கோழியிலும் அதே கதைதான். ஈர் ஒரு கிழமைக்குள் பொரிக்கும். மூன்று கிழமையில் அது முட்டையிடும் பேனாகிவிடும். ஆகவே ஒருமுறை செய்த வேலையை 7 தொடக்கம் 10 நாளில் இன்னொருமுறை கட்டாயம் செய்ய வேண்டும். இரண்டாம் முறையை விட்டால் முதல் முறை செய்ததும் வீண்.

கோழிப்பேன் மனிதத் தலையில் குடியேறாது. பிள்ளைகளுக்கு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

கைவைத்தியம் என்றால் முதலாவது மண்குளிப்பு. கோழி தானாகவே மண்ணில் புரண்டு பேனை உதிர்க்கும். மூன்று பங்கு உலர்ந்த மணலுக்கு ஒரு பங்கு அரித்த விறகுச் சாம்பல் கலந்து, பழைய ரயரிலோ பெட்டியிலோ போட்டு, தாழ்வாரத்தின் கீழ் வையுங்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை நிலம் ஈரமாகக் கிடக்கும். கோழிக்கு மண் குளிக்க இடமில்லை. அந்தக் காலத்தில்தான் பேன் பெருகும். சாம்பல் ஆறியதாகவும் காய்ந்ததாகவும் இருக்கட்டும். நனைந்த சாம்பல் தோலை அவிக்கும். பிளாஸ்ரிக், குப்பை எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம்.

பேன் கூடிவிட்டால் மண்குளிப்பு மட்டும் காணாது. கோழிக்கென்றே உள்ள பேன் தூளை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். உரப்பை ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதற்குள் தூளைப் போட்டு, கோழியின் தலை வெளியே இருக்க உள்ளே இறக்கி, மெல்லக் குலுக்கினால் இறகின் அடிவரை போகும். உங்கள் மூக்கையும் வாயையும் சீலையால் கட்டுங்கள். ஈர்க்கட்டி உள்ள இறகை அடியோடு பிடுங்காமல் கத்தரிக்கோலால் வெட்டி எரியுங்கள். எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில் செய்யுங்கள். ஒன்றை விட்டால் அதிலிருந்து மற்றவைக்கு ஏறும்.

அடைக்கோழி 21 நாளும் பெரும்பாலும் எழும்பாமல் இருப்பதால் மண் குளிக்க நேரம் குறைவு. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கி வெறும் தோலை முட்டையில் வைக்கும், அது இயல்பு. ஆனால் பேனும் உண்ணியும் அங்கேதான் பெருகி, பொரித்த குஞ்சுகளில் ஏறும். ஆகவே அடை வைக்கமுன் கோழியைப் பாருங்கள். அடைப்பெட்டியில் புது வைக்கோல் போட்டு, காய்ந்த வேப்பிலை, நொச்சியிலை பரப்புங்கள். குஞ்சு பொரித்தவுடன் அந்த வைக்கோலை எரித்துவிடுங்கள்.

இரவில் வரும் உண்ணி

ஆச்சி கோழி ஏறும் தடியின் அடியை வெள்ளைச் சீலையால் துடைத்தா. சீலையில் சிவப்புக் கோடு, இரத்தம்! ரோர்ச் அடித்துப் பார்த்தால் தடி பொருந்தும் மூலையில் ஊசிமுனையளவு சிவப்பு உண்ணிகள் கும்பலாக ஊர்ந்தன. பகலில் அந்த இடத்தில் சாம்பல் பூத்ததுபோல இருந்ததை நான் தூசி என்று நினைத்திருந்தேன்.

இந்த உண்ணி பகலில் வெடிப்புகளுக்குள் ஒளித்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். அதனால் பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொண்டை வெளிறும், கோழி பின்னேரத்தில் கூட்டுக்குப் போக மறுத்து மரத்தில் ஏறும். குஞ்சுகள் இரத்தம் குறைந்து செத்தும் போகும். மனிதரையும் கடிக்கும். மகன்தான் தினமும் கூட்டுக்குள் கை விட்டு முட்டை எடுப்பான். அவன் மேலில் இருந்த பொட்டுகள் எப்படி வந்தன என்று அப்போதுதான் விளங்கியது. வேறொரு வகை உண்ணி பகலிலும் கோழியின் மேலிலேயே இருக்கும். எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகு கறுத்து அழுக்காகத் தெரிந்தால் அது அந்த உண்ணியாக இருக்கலாம். அப்போது கூட்டோடு கோழிக்கும் மருந்து வேண்டும்.

ஒளித்திருக்கும் உண்ணிக்குக் கோழியை மட்டும் மருந்தால் குளிப்பாட்டிப் பயனில்லை. வைத்தியம் செய்ய வேண்டியது கூட்டுக்குத்தான். நான் செய்தது இது:

முதல் நாள் காலையில் கோழிகளை வெளியே விட்டு, உள்ளே கிடந்த வைக்கோல், எச்சம் எல்லாவற்றையும் வாரி எரித்தேன். பழைய கிடுகையும் கழற்றி எரித்துப் புதுக்கிடுகு போட்டேன். தடிகளைக் கழற்றி வெயிலில் போட்டு, கொதிதண்ணீர் ஊற்றினேன். பலகை வெடிப்புகளிலும் மூலைகளிலும் கொதிதண்ணீர் விட்டேன். காய்ந்த பிறகு, ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, இரண்டு மேசைக்கரண்டி வேப்பெண்ணெய் கலந்து, தும்பால் வெடிப்புகளுக்குள் பூசினேன். அதுவும் காய்ந்தபின் கூடு முழுவதும் சுண்ணாம்பு அடித்தேன். கோழிகளை உள்ளே விடமுன் எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

வெப்பமான நாட்களில் இந்த உண்ணி முட்டையிலிருந்து பெரிதாக 7 தொடக்கம் 10 நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒருதரம், மூன்று கிழமைக்கு, கொதிதண்ணீரும் வேப்பெண்ணெயும் திரும்பச் செய்தேன். இரத்தம் இல்லாமலும் மாதக்கணக்கில் இருக்கக்கூடிய உண்ணி இது. கூட்டைச் சில நாள் வெறுமையாக விட்டால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். நெருப்புக் கொள்ளியால் கூட்டைச் சுட வேண்டாம். கிடுகுக்கூடு எரிந்தால் வீட்டுக்கும் பிடிக்கும்.

காலில் செதில் எழும்பினால்

சேவலின் காலில் செதில்கள் எழும்பி, வெள்ளைப் பொருக்கு ஏறியிருந்தது. வயதுக் கோழிக்கு இப்படித்தான் வரும் என்று நினைத்திருந்தேன். இதுவும் ஒரு உண்ணிதான். கண்ணுக்குத் தெரியாது, செதிலுக்கு அடியில் துளைத்து இருக்கும். விட்டால் கோழி நொண்டும். தடியால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும்.

கால்களை வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். பொருக்கைப் பிடுங்காதீர்கள், இரத்தம் வரும். துடைத்துக் காயவிட்டு, தேங்காயெண்ணெயோ வாஸ்லினோ செதிலின் இடுக்குகளுக்குள் போகத் தடிப்பாகப் பூசுங்கள். காற்று இல்லாமல் உண்ணி சாகும். கிழமைக்கு இரண்டுதரம், குறைந்தது நாலு ஐந்து கிழமை. மண்ணெண்ணெய் பூசும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அது தோலை அவித்துப் புண்ணாக்கும், வேண்டாம். உண்ணி செத்தாலும் பழைய செதில் உதிர்ந்து கால் அழகாக வர மாதங்கள் எடுக்கும். அதற்காக மனம் விட வேண்டாம்.

கொத்தலும் சேவல் மிதியும்

பூச்சியும் இல்லை, முள்ளிறகும் இல்லை, ஆனால் வாலடியில் இறகு பிய்ந்து இரத்தம் கசிகிறதென்றால், மற்றக் கோழிகள் கொத்துகின்றன. இடம் நெருக்கம், புரதம் குறைவு, நாள் முழுக்க அடைத்து வைத்தல் ஆகியவை காரணமாகலாம். இரத்தத்தைக் கண்டால் எல்லாம் சேர்ந்து கொத்தும். காயப்பட்டதை உடனே தனியே பிரித்து, புண்ணைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுங்கள். கசப்பால் மற்றவை கொத்தப் பின்வாங்கும். கீரைக்கட்டுத் தொங்கவிட்டால் அவற்றுக்கும் ஒரு வேலை இருக்கும்.

பேடுகளின் முதுகும் கழுத்தின் பின்பக்கமும் மட்டும் மொட்டையென்றால் அது சேவல் மிதித்தது. எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். என் சேவலுக்கு ஆறு பேடே மிஞ்சியிருந்தன. ஒரு பேட்டின் முதுகு அப்படியாகிவிட்டது. சேவலைச் சில நாள் தனியே விட்டேன், இறகு வந்தது.

இது அம்மை, கவனம்

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மருக்கள்போல எழும்பிப் பொருக்கானால் அது சொறியோ பேனோ அல்ல, கோழியம்மை. நுளம்பு பரப்பும் வைரஸ் நோய். வந்தபின் அந்த வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. வராமல் தடுக்கச் செட்டையில் குத்தும் தடுப்பூசி உண்டு. வந்த கோழியைப் பிரித்து, மெதுவான சாப்பாடும் தண்ணீரும் எட்டும்படி வையுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதிலும் கிருமி உண்டு. வாய்க்குள்ளும் வெள்ளை படர்ந்தால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

வயல் மருந்து கோழிக்கு அல்ல

மிச்சக் கோழிகளைப் பார்த்து முடித்த அடுத்த நாள் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். போக வெட்கமாகத்தான் இருந்தது. அங்கிருந்த டொக்டர் பிள்ளை என்னை ஏசவில்லை. “அக்கா, நீங்கள் ஒருத்தி இல்லை. மாதத்துக்கு ஒருத்தர் இப்படி வருகினம்” என்று சொல்லி, ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினா.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துகள் பல, பறவைகளின் நரம்பைத் தாக்கும். எங்களுக்குத் தாங்கக்கூடிய அளவுகூடக் கோழிக்குத் தாங்காது. தோலாலும் உறிஞ்சும், கோதும்போது வாயாலும் போகும். தப்பிப் பிழைத்தாலும் நஞ்சு முட்டையில் வரும். அந்த முட்டையைப் பிள்ளை தின்னும். யாராவது தவறிச் செய்துவிட்டால், உடனே நிறையத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கோழியைக் கழுவி, நிழலில் வைத்து, மிருக வைத்தியரை நாடுங்கள். உங்கள் கையையும் கழுவி, உடுப்பை மாற்றுங்கள். உங்களுக்கு மயக்கம், ஓங்காளம் வந்தால் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செத்த கோழியைக் கறியாக்கவும் வேண்டாம், நாய்க்குப் போடவும் வேண்டாம். ஆழமாகப் புதையுங்கள்.

கோழிக்கென்று வைத்தியர் தரும் மருந்தென்றாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை நாளில் திரும்பப் போட வேண்டும்? எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது? கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை மூன்று கோழி.

என் வழக்கம்

இப்போது நான் செய்வது மிகச் சுருக்கமானது. கிழமைக்கு ஒருநாள், இருட்டின பிறகு, இரண்டு மூன்று கோழிகளை ரோர்ச் அடித்துப் பார்ப்பேன். தடியின் அடியைச் சீலையால் துடைப்பேன். மாதத்துக்கு ஒருமுறை கூட்டைக் கழுவி வேப்பெண்ணெய் பூசுவேன். மாரிக்கு முன்னர் சுண்ணாம்பு அடித்து, மணலும் சாம்பலும் நனையாமல் சேர்த்து வைப்பேன். புதுக்கோழி வாங்கினால் மூன்று கிழமை தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவையோடு விடுவேன். ஒரு கொப்பியில் குஞ்சு பொரித்த மாதத்தை எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கோழி எப்போது இறகு கழற்றும் என்று எனக்கு முன்பே தெரியும்.

அந்த வருடம் மிஞ்சிய ஆறு பேடுகளும் கார்த்திகையளவில் புது இறகோடு பளபளவென்று நின்றன. தை மாதம் முட்டை திரும்பி வந்தது. இடையில் முட்டைக் காசு இல்லாமல் மகளின் ரியூசன் நின்றுபோனது. வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதினாள். வெட்டுப்புள்ளிக்கு ஐந்து புள்ளி குறைவு. ரியூசன் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்று நான் இன்றும் நினைப்பதுண்டு. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பிறகு உயர்தரம்வரை படித்தாள், அதுவும் முட்டைக் காசுதான்.

ஆச்சி இப்போது இல்லை. எங்கள் மாதர் சங்கத்தில் யாராவது “அக்கா, கோழி சொறியுது, என்ன மருந்து போடலாம்?” என்று கேட்டால் நான் மருந்தின் பெயர் சொல்வதில்லை. “இரவைக்கு ரோர்ச்சோட வாறன், அதுவரைக்கும் ஒண்டும் போடாதையுங்கோ” என்றுதான் சொல்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் கோழியும் இறகு கொட்டினால் பதற வேண்டாம். முதலில் இறகை விலக்கிப் பாருங்கள்.